சத்தம் நுழையாத அறை

மார்ச் 4, செவ்வாய்

முட்டை அட்டைகளை எல்லாம் இன்று சுவரிலிருந்து பிய்த்து எடுத்தேன். பசை பிடித்திருந்த இடங்களில் சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. மளிகைக்கடைக்காரர் எனக்காகவே சேர்த்துவைத்துக் கொடுத்த அட்டைகள். மேல்வீட்டு அம்மாவுக்குத் தெரிந்த யாரோ இப்படி ஒட்டி, சத்தம் அறவே நின்றுபோனதாம். எங்கள் வீட்டில் ஒன்றும் நிற்கவில்லை. அறைக்குள் பேசினால் எதிரொலி கொஞ்சம் மட்டுப்பட்டது, அவ்வளவுதான். தெருவில் போகிற லாரியும் மாடியில் இழுபடுகிற நாற்காலியும் எப்போதும்போல உள்ளே வந்துகொண்டுதான் இருக்கின்றன. என் வீட்டுக்காரர் காதுக் கவசத்தை மாட்டி, அதன்மேல் தலையணையை வைத்து அழுத்திக்கொண்டு படுத்திருந்தார்.

அவர் வேலை செய்த அச்சகத்தில் காற்றுக் குழாய் காதருகே வெடித்ததிலிருந்து இப்படி. காது கேட்காமல் போயிருந்தால்கூட மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்போம். இவருக்கு எல்லாம் கேட்கிறது. கேட்பதெல்லாம் வலிக்கிறது. ஒரு கரண்டி கீழே விழுந்தால் அறை வாங்கியவர்போல முகம் சுருங்கிவிடுகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, காதில் ஒரு குறையும் இல்லை, அமைதியான இடத்தில் ஓய்வெடுக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த அமைதி எந்தக் கடையில் கிடைக்கும் என்று சீட்டு எழுதித் தரவில்லை.

மகள் பாப்பாவிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. ஜூன் கடைசியில் பிரசவமாம். மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார், வருஷக் கடைசியில்தான் கரைக்கு வருவார். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? இங்கேதான் வர வேண்டும்.

போனை அவரிடம் நீட்டினேன். படித்தார். வெகுநேரம் திருப்பித் தரவில்லை. அப்புறம் உதடு மட்டும் அசைகிற மாதிரி சொன்னார்: "குழந்தை அழும். நான் தம்பியோட குடோனுக்குப் போயிடறேன். நீ அவளைப் பாத்துக்க."

ஊருக்கு வெளியே இருக்கிற காலிக் கிடங்கு அது. ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. திரும்பி வருவேன் என்று அவர் சொல்லவில்லை.


மார்ச் 5, புதன்

இவர் போகக்கூடாது. அவள் வராமலும் இருக்கக்கூடாது. கடவுளே, இரண்டில் ஒன்று போதாதா என்று மட்டும் கேட்காதே.


மார்ச் 9, ஞாயிறு

கடைவீதியில் சத்தத் தடுப்புச் சாமான்கள் விற்கிறவர் ஒருவர் இருக்கிறார். கடை முழுக்கக் கறுப்புச் சாம்பல் நிறங்களில் நுரைப் பஞ்சு, பிரமிடு பிரமிடாக வெட்டியது. "வீட்ல பாட்டு ரெக்கார்டிங்கா அம்மா?" என்றார். ஒன்றுமே ரெக்கார்ட் ஆகாத ரூம்தான் வேண்டும் என்றேன். சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பஞ்சைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மெத்து மெத்தென்றிருந்தது. கையை வைத்ததுமே மனம் சாய்ந்துவிட்டது — இவ்வளவு மிருதுவான பொருள் சத்தத்தை எப்படியும் உறிஞ்சிவிடும் என்று. வாங்கத் தயாராகிவிட்டேன். ஆனால் முட்டை அட்டைகூட மிருதுவாகத்தான் இருந்தது. மாதிரிக்கு ஒரு துண்டு மட்டும் கொடுங்கள், பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். வாங்குகிற முகமா இது என்று அவருக்குத் தோன்றியிருக்கும். இருந்தாலும் வெட்டிக் கொடுத்தார்.

நூலகத்தில் கட்டடக் கலைப் புத்தகம் ஒன்று எடுத்துவந்திருக்கிறேன். பாதி புரிகிறது.


மார்ச் 15, சனி

மொட்டை மாடியில் சோதனை நடத்தினேன். கீழே செய்தால் அவர் துடித்துப்போவார்.

அலார்ம் கடிகாரத்தை அலற விட்டு முதலில் ஒரு செருப்பு அட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். பெட்டிக்கு உள்பக்கம் முழுக்க நுரைப் பஞ்சு ஒட்டியிருந்தேன். வெளியே நின்று கேட்டால் அலறல் அப்படியேதான் இருக்கிறது, கீச்சென்ற கூர்மை மட்டும் போயிருந்தது. தெர்மாகோல் ஒட்டிப் பார்த்தேன், அது இன்னும் மோசம். பிறகு கனமான பழைய மரப் பெட்டிக்குள் வைத்து மூடியைப் போட்டுச் சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கினேன். சத்தம் கிணற்றுக்குள் போன மாதிரி அமுங்கியது. மூடியை ஒரு விரல் அளவு தூக்கியதும் அத்தனையும் வெளியே கொட்டியது. கடைசியாக, பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வைத்தேன். இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் கம்பளியைத் திணித்தேன். அதுதான் எல்லாவற்றையும்விட நன்றாக அடைத்தது.

துணி காயப்போட வந்த மேல்வீட்டு அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "என்னடி, கடிகாரத்தை உயிரோட புதைக்கறே?"

சொன்னேன். கேட்டுவிட்டு இறங்கிப் போனார். சாயங்காலம் எல்லா நாற்காலிக் கால்களுக்கும் பழைய சாக்ஸை மாட்டிவிட்டதாக வந்து சொன்னார். நல்ல மனுஷி. அவர் படியில் வந்து கூவிச் சொன்னதில்தான் இவருக்குத் தலைவலி வந்துவிட்டது.

ஆக, கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. மிருதுவானது உள்ளே இருக்கிற எதிரொலிக்கு. வெளியே இருந்து வருவதைத் தடுக்கக் கனம் வேண்டும். கனம் மட்டும் போதாது, சந்து இருக்கக்கூடாது. அதுவும் போதாது, புதுச் சுவர் பழைய சுவரைத் தொடக்கூடாது.

இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை, பின்னால் பாறையை உருக்கி இழைத்த பாறைப் பஞ்சு, தனி மரச் சட்டம். ஜன்னலுக்கு உள்பக்கம் இன்னொரு தடித்த கண்ணாடி. திடமான மரத்தில் கதவு. இதுதான் வழி. நிச்சயம் இதுதான்.

கடவுளே, நீதான் அந்தப் பெட்டியைக் காட்டினாய்.


மார்ச் 23, ஞாயிறு

வேலை நடக்கும்வரை அவர் இங்கே இருக்க முடியாது. கொழுந்தனார் வந்து கிடங்குக்கு அழைத்துப் போனார். கவசத்தோடு காரில் உட்கார்ந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பினால் கவசம் விலகும், அதனால்தான். அதனால்தான் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.


மார்ச் 27, வியாழன்

தச்சரோடு இன்று வாய்ச்சண்டை. நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் சட்டத்தைப் பழைய சுவரோடு சேர்த்து நீள ஆணி அடித்துவிட்டார். ஆடாமல் உறுதியாக நிற்கட்டுமே என்ற நல்ல எண்ணம். அந்த ஆணி வழியாகச் சத்தம் நடந்து வரும் அண்ணே, எல்லாவற்றையும் பிடுங்குங்கள் என்றேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சட்டத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுவரைத் தொடாம சுவர் வைக்கச் சொல்றீங்க. ஒரே வீட்ல கோவிச்சுக்கிட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாள் கழித்து. பிறகு மரப்பெட்டியைக் கொண்டுவந்து காட்டினேன். அலார்மை வைத்துக் கேட்கச் சொன்னேன். முனகிக்கொண்டேதான் பிடுங்கினார். ஆனால் மறுபடி அடித்தபோது தரையிலும் மேல்தளத்திலும் மட்டும், அதுவும் ரப்பர் வைத்து அடித்தார்.

கொழுந்தனாரிடமிருந்து செய்தி: "அண்ணன் இங்க நிம்மதியா இருக்கார் அண்ணி. சாப்பிடறார், தூங்கறார். அங்க வந்து எதுக்குக் கஷ்டப்படணும்? யோசிங்க."

யோசிக்க மாட்டேன்.


ஏப்ரல் 8, செவ்வாய்

பலகை முடிந்தது. கதவு முடிந்தது. ஆனாலும் எங்கிருந்தோ வருகிறது. சமையலறையில் மிக்சியை ஓடவிட்டு வந்து, அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு என்பார்களே, அப்படிச் சுவர் சுவராகக் காதை வைத்துத் தேடினேன். கடைசியில் ஸ்விட்ச் போர்டு. அதன் பின்னால் அந்தப் பக்கத்துக் கூடத்துச் சுவரில் இன்னொரு போர்டு. இரண்டுக்கும் நடுவே வெறும் ஓட்டை. வீடு கட்டியவர்கள் குழாய் மாதிரி வைத்திருக்கிறார்கள். எலெக்ட்ரீஷியனை வரவழைத்து ஒன்றை நகர்த்தி, பஞ்சு திணித்து, பசை பூசி மூடியாயிற்று.

கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. சாத்தினால் தரையை இறுகப் பிடித்துக்கொள்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிச்சம்கூட வெளியே வரவில்லை.

காற்றுக்கு மட்டும் ஒரு வழி வேண்டும். வளைந்து வளைந்து போகிற மரக் குழல் ஒன்று செய்து, உள்ளே அந்தக் கடைக்காரரின் நுரைப் பஞ்சை ஒட்டினோம். காற்று நுழைகிறது, சத்தம் வளைவுகளில் தேய்ந்து போய்விடுகிறது. கடைக்காரரிடம் சொன்னபோது, ஏதோ தாமே கண்டுபிடித்தவர்போலப் பூரித்துப்போனார்.


ஏப்ரல் 18, வெள்ளி

வந்துவிட்டார்.

அறையைத் திறந்துவிட்டு நான் வெளியே நின்றேன். உள்ளே போனார், கதவைச் சாத்தினார். மேல்வீட்டில் ஏதோ விழுந்தது, தெருவில் தண்ணீர் லாரி ஒன்று போனது. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தேன். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. கவசம் கையில் இருந்தது. கவசம் இல்லாமல் அவர் தலையைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! முடி அமுங்கி, இரு பக்கமும் தழும்பு மாதிரி.

சுவரைத் தடவினார். "நல்லாருக்கு" என்றார். சாதாரணக் குரலில். பிறகு, "நீயா யோசிச்சே?" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் இல்லாமல் அழ இப்போது எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

பாப்பாவுக்கு எழுதிவிட்டேன்: கவலைப்படாமல் வா. அப்பாவுக்கு இடம் தயார்.


ஏப்ரல் 27, ஞாயிறு

அலமாரிக்குள் துணிகளுக்கு அடியில் இருந்த கைக்கடிகாரத்தை எடுத்து வெளியே வைக்கச் சொன்னார். துடிக்கிறதாம்.


மே 3, சனி

எங்கே தப்பு? எனக்குப் புரியவில்லை.

முன்பெல்லாம் கரண்டி விழுந்தால்தான். இப்போது நான் தட்டை மேசையில் வைத்தாலே தோள் தூக்கிப் போடுகிறது. வளையல்களைக் கழற்றிவிட்டேன். எவர்சில்வர் தட்டுகளைக் கட்டி மேலே போட்டுவிட்டு, மரத் தட்டு, மரக் கரண்டி. தாளிக்கிற நேரத்தில் சமையலறைக் கதவுக்கு ஈரத் துணி. வீட்டுக்குள் பூனை மாதிரி நடக்கிறேன். அறையிலிருந்து அவர் வெளியே வருவது குளிக்க மட்டும், அப்போதும் கவசத்தோடு. பேச வேண்டியதைச் சீட்டில் எழுதி நீட்டுகிறோம். பிரார்த்தனையை வாய்விட்டுச் சொல்வதையும் நிறுத்திவிட்டேன். உனக்கு உதட்டசைவு போதும்தானே?

கதவில்தான் ஓட்டை இருக்க வேண்டும். தச்சரை வரச் சொல்லி, முதல் கதவுக்கு வெளியே இரண்டாவது கதவு போடப்போகிறேன். சந்துகளுக்கெல்லாம் மறுபடி ஒரு பூச்சு. இன்னும் அடைத்தால் சரியாகிவிடும். இன்னும் கொஞ்சம் அடைத்தால்.


மே 8, வியாழன்

இரண்டாவது கதவு போட்டாயிற்று. "உள்ள என் ரத்தம் ஓடறது கேக்குது" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை எந்தப் பலகை வைத்து மறைப்பேன்?


மே 11, ஞாயிறு

எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

குழந்தைக்கு ஒரு குல்லாய் பின்னிக்கொண்டிருந்தேன். ஊசியை நூலோடு கூடையில் வைத்துவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனேன். திரும்பி வந்தால் கூடையில் குல்லாய் மட்டும் இருக்கிறது. ஊசி இல்லை. எப்படித்தான் எனக்குத் தோன்றியதோ, நேராக அறைக்கு ஓடினேன். இரண்டு கதவையும் திறந்தேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஊசியின் முனை காதுக்குள் இருந்தது. கை நடுங்கவில்லை. அதுதான்... அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு துளிகூட நடுங்கவில்லை.

"ரெண்டு குத்து. அவ்வளவுதான். அப்புறம் எல்லாரும் நிம்மதியா இருக்கலாம். குழந்தையும் இஷ்டத்துக்கு அழலாம்."

நான் கத்தவில்லை. கத்தினால் குத்திவிடுவார் என்று பயம். பக்கத்தில் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவராகவே ஊசியை விட்டார்.

ஊசி, கத்தரிக்கோல், பென்சில், ஊக்கு எல்லாவற்றையும் மேல்வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

நீ எங்கே இருந்தாய்? கேக்குதா உனக்கு? நான் வாய்விட்டுச் சொல்லாததால கேக்கலையா?


மே 14, புதன்

மேல்வீட்டு அம்மாதான் விசாரித்துச் சொன்னார். காது கேளாத குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிற ஒரு பெண், இப்படிச் சத்தம் வலிக்கிறவர்களையும் பார்க்கிறாளாம். இன்று இவரை அங்கே அழைத்துப் போனேன். பாப்பாவைவிட இரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, முதலில் ஒன்றுமே கேட்காமல், மேசை விசிறியை மட்டும் மெதுவாகச் சுழலவிட்டாள்.

பிறகு வீட்டில் என்ன செய்திருக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டாள். நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, பாறைப் பஞ்சு, தொடாத சட்டம், ஸ்விட்ச் போர்டு, ரப்பர் பட்டை, இரண்டாவது கதவு. சொல்லச் சொல்ல எனக்கே பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. இவ்வளவையும் பள்ளிக்கூடப் படிப்பைத் தாண்டாத நான் படித்துச் செய்திருக்கிறேனே என்று.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"நீங்க தப்பா எதுவும் செய்யலைம்மா. ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க. அதுதான் பிரச்சினை."

ரொம்ப நேரம் இருட்டில் இருந்துவிட்டு வெளியே வந்தால் கண் கூசுமல்லவா, அதுபோல, சத்தமே இல்லாத இடத்தில் இருக்கிற காது தானாகவே தன்னை இன்னும் கூர்மையாக்கிக்கொள்ளும் என்றாள். கொஞ்சம்கூட இரை கிடைக்காத காது, கிடைக்கிற சின்னச் சத்தத்தையும் பாய்ந்து பிடிக்கிறது. அறை எவ்வளவு நன்றாக அடைபடுகிறதோ அவ்வளவு வலி கூடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைப் பழக்க வேண்டும், வலிக்காத அளவுக்கு, தினமும். அவசரப்படக்கூடாது. முழுசாகச் சரியாகும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதைவிட நன்றாக இருக்கலாம் என்றாள்.

திரும்பும் வழி முழுக்க அவர் கவசத்தோடு கண்ணை மூடிக்கொண்டு வந்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அப்போ நான்தானா? நான் அடைச்ச ஒவ்வொரு சந்தும்? அந்த ஊசியை அவர் கையில குடுத்தது நான்தானா?


மே 15, வியாழன்

காலையில் விளக்கு ஏற்றவில்லை. பெட்டிக்குள் பெட்டி வைக்கச் சொல்லிக் காட்டினவன் நீ என்றல்லவா எழுதிவைத்திருக்கிறேன். இப்போது என்ன எழுதட்டும்?

சாயங்காலம் ஏற்றினேன். உன்னை விட்டால் சண்டை போட எனக்கும் வேறு ஆள் இல்லை.


மே 19, திங்கள்

இரண்டாவது கதவைக் கழற்றச் சொல்லித் தச்சரை வரவழைத்தேன். "இப்பத்தானே மாட்டினேன்" என்றவர், உள்ளே அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டுக் கழற்ற ஆரம்பித்தார். கூலி வாங்க மறுத்தார். நான் விடவில்லை. கணக்கு கணக்குதான்.

கூடத்தில் மூலையில் இவருக்கு நாற்காலி. பக்கத்தில் மேசை விசிறி, தாழ்ந்த வேகத்தில், நாள் முழுக்க. அந்த ஒரே சீரான இரைச்சல்தான் முதல் பாடமாம். கவசத்தைக் கொஞ்ச நேரம் கழற்ற வேண்டும்.

கழற்றினார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்து விசிறியைத் தட்டிவிட்டார். அது விழுந்த சத்தத்தில் அவரே சுருண்டுபோனார். "என்னைக் கொல்லப் பாக்கறியா? அந்தப் பொண்ணு சொன்னா நீயும் ஆடறியா?" என்று கத்தினார். மூன்று மாதத்தில் அவர் கத்துவதை இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

விசிறியின் இறக்கை வளைந்துவிட்டது. நிமிர்த்தி வைத்திருக்கிறேன். கொஞ்சம் தட்டுகிறது. வேறு வாங்க வேண்டும்.


மே 26, திங்கள்

எந்தச் சத்தமும் செய்வதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். "தட்டு வைக்கப் போறேங்க." "குழாய் திறக்கறேங்க." சொல்லிவிட்டு வந்தால் பாதி வலிதான் என்கிறார். நாள் முழுக்க நான் செய்வதை எல்லாம் நானே அறிவித்துக்கொண்டிருக்கிறேன். "தும்மப் போறேங்க" என்றேன் இன்று. தும்மல் வரவில்லை. அவர் காத்துக்கொண்டே இருந்தார். "என்ன, தும்மல் ரத்தா?" என்றார்.

பாப்பாவிடம் பேசினேன். எல்லாவற்றையும் சொல்ல நினைக்கவில்லை, ஆனால் சொல்லிவிட்டேன். ஊசியையும். பிறகு, "அம்மா, நான் இங்கேயே ஆள் வச்சுப் பாத்துக்கறேன். நான் வர வேண்டாம்" என்றாள்.

நீ வந்தே ஆக வேண்டும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்காகவா, அவளுக்காகவா, அவருக்காகவா?


ஜூன் 7, சனி

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. காலையில் கவசம் இல்லாமல் சாப்பிட்டார். அப்புறம் தெருவில் எவனோ கல் உடைக்கிற எந்திரத்தைக் கொண்டுவந்து சாலையைப் பிளக்க ஆரம்பித்தான். அவர் எழுந்து அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

எந்திரம் நின்றுவிட்டது. அவர் வரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது.

கதவில் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. மூச்சு, அசைவு, கட்டில் முனகல், எதுவும் வெளியே வராது. வரக்கூடாது என்றுதானே செய்தேன். தட்டலாம் என்று கையைத் தூக்கினேன். தட்டினால் அவருக்கு எப்படி இருக்கும்? கூப்பிட்டால் என் குரல் உள்ளே போகாது. சீட்டு எழுதி அடியில் தள்ளலாம் என்று குனிந்தேன். ரப்பர் பட்டை. ஒரு காகிதம் நுழைய இடமில்லை. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். ஊசி இல்லை. ஊக்கு இல்லை. கண்ணாடி டம்ளர். ஐயோ, கண்ணாடி டம்ளர் இருக்கிறது.

நான் கட்டின சுவர். நான் பூசின பசை. உள்ள என் புருஷன் இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியலையே.

அப்புறம் என்ன தோன்றியதோ, மெயின் போர்டுக்கு ஓடி அந்த அறையின் விளக்குக்கான சுவிட்சை அணைத்தேன். போட்டேன். அணைத்தேன். போட்டேன். அவசரத்தில் கூடத்து விளக்கையும் சேர்த்து அணைத்திருக்கிறேன்.

தாழ்ப்பாள் விலகியது.

"கரண்டு போச்சா?" என்றார்.

நான் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். அடித்தேன் என்றுகூட நினைக்கிறேன். அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் நிலைப்படியிலேயே உட்கார்ந்தோம், பாதி உள்ளே, பாதி வெளியே.

"பேரப்பிள்ளை அழற சத்தத்துக்குப் பயந்து அப்பன் ஒளிஞ்சிட்டான்னு பாப்பா மனசுல விழுந்துடுமே. அதை நெனச்சாத்தான் எனக்கு வலிக்குது. காது இல்ல."

தாழ்ப்பாளைச் சாயங்காலமே கழற்றிவிட்டோம். அவர்தான் திருப்புளியைப் பிடித்தார்.


ஜூன் 20, வெள்ளி

பாப்பா வந்துவிட்டாள். பெரிய வயிற்றோடு படியேறி வந்து, வாசலிலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் பார்த்தார். "மூச்சு விடு. அது கேட்டா ஒண்ணும் ஆகாது" என்றார்.

எந்த அறையில் யார் என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். அந்த அறை அவளுக்கும் குழந்தைக்கும். அழுவது அங்கேயே அடங்கட்டும். தான் கூடத்தில்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. வெளியே இருந்து சத்தம் உள்ளே போகாத சுவர், உள்ளே இருந்தும் வெளியே விடாது. இத்தனை நாள் தவறான ஆளை உள்ளே வைத்திருந்தேன். இது ஏன் முன்னாலேயே தோன்றவில்லை? யோசித்துக்கொண்டே மெத்தையைத் தட்டிப் போட்டேன்.


ஜூன் 29, ஞாயிறு

பெண் குழந்தை. இருவரும் நலம். அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வர முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து, ஆம்புலன்ஸ் ஊதியதும் திரும்பிவிட்டதாகக் கொழுந்தனார் சொன்னார். பாப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.


ஜூலை 4, வெள்ளி

வீட்டுக்கு வந்த முதல் நாள். குழந்தைக்கு என் மாமியாரின் தொண்டை. பாப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கூடத்தில் நின்ற எனக்கு அழுகை கேட்கவே இல்லை. இருந்தாலும் அவர் கவசத்தை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். குழந்தையைப் பார்க்கிறீர்களா என்று எழுதி நீட்டினேன். தலையசைத்தார். வேண்டாம் என்று.

கிடங்குச் சாவி அவர் சட்டைப் பையில் இருக்கிறது. துவைக்க எடுத்தபோது தட்டுப்பட்டது. திரும்ப அதே பையில் வைத்துவிட்டேன்.


ஜூலை 9, புதன்

தூங்கும்போது பார்த்தார். வாசலில் நின்றபடியே. கவசத்தோடு.


ஜூலை 20, ஞாயிறு

பதினோரு மணிபோல பாப்பா குளிக்கப் போயிருந்தாள். குழந்தை அறைக்குள் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. தெருவில் வண்டிப் போக்குவரத்து அதிகமாக இருந்ததால் கதவைச் சாத்தியிருந்தேன். நான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன், எவர்சில்வர்தான், இப்போதெல்லாம் சொல்லிவிட்டு விளக்கலாம். அவர் கூடத்தில் விசிறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

தோளைத் தொட்டார். திரும்பினேன். கவசம் இல்லை.

"குழந்தை அழுதுட்டு இருக்கு. உனக்குக் கேக்கலையா?"

குழாயை மூடினேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. விசிறி, தெரு, குளியலறைத் தண்ணீர், அவ்வளவுதான். பிரமையோ என்று நினைத்து, கை துடைத்துக்கொண்டு வருவதற்குள் அவர் போய்விட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கதவு அகலத் திறந்திருந்தது. குழந்தை முகம் சிவக்க வீறிட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக அழுததோ, தொட்டிலோரம் நனைந்திருந்தது. அவர் குனிந்து நின்றிருந்தார். ஒரு கையால் ஒரு காதை இறுகப் பொத்தியிருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, வலியில்தான். இன்னொரு கை தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் காது திறந்தே கிடந்தது.

நான் வாங்கிக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

பாத்திரங்களை முடித்துவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவருக்குக் கேட்டிருக்கிறது என்றால், எங்கேயோ ஒரு சந்து விட்டிருக்கிறேன். தேடப்போவதில்லை.